மூன்றாவது வால் சரியாக வந்துவிட்டது

நேற்று ராத்திரி ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சக் கோடு இருக்கைக்குப் பின்னால் தொடங்கி, எங்கும் நெளியாமல், வால் நுனிவரை ஒரே இழுப்பில் ஓடியது. இடது பக்கம் எப்படியோ வலதும் அப்படியே. 1935ஆம் வருடத்து ஆபர்ன் 851 ஸ்பீட்ஸ்டர் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் படகு வால், பதினாறில் ஒரு பங்கு அளவில், குமிழ் மரத்தில். இதற்கு முன் செதுக்கிய இரண்டும் அலமாரியில் கிடக்கின்றன. மொத்தம் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

சேஸிஸ், சக்கரம் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை; அது எல்லாரும் செய்வதுதான். நிஜ வண்டியில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே 127 அங்குலம், என் மாடலில் 20.2 செ.மீ. அதோடு விட்டுவிடுகிறேன். இந்த வண்டியில் உயிர் வாலில்தான் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் படகு மாதிரி குறுகும், பக்கத்திலிருந்து பார்த்தால் சரிந்து இறங்கும், பின்னாலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு முதுகெலும்பு. மூன்று வளைவும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் கெடும்.

முதல் வாலைத் தனியாகச் செதுக்கி முடித்து, அப்புறம் பானெட்டோடு ஒட்டினேன். ஒட்டவே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகு, சேர்த்தால் இரண்டு வெவ்வேறு வண்டி. காரணம் புரிய அந்தக் கம்பெனியின் கதையைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

இண்டியானா மாநிலத்து ஆபர்ன் ஊரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த எக்கார்ட் குடும்பம் தொடங்கியது இது. 1924இல் எரெட் லோபன் கார்ட் என்பவர் கம்பெனியை நடத்த உள்ளே வந்தபோது விற்காத வண்டிகள் எழுநூறு போல முற்றத்தில் நின்றன. அவர் எஞ்சினைத் தொடவில்லை. பளிச்சென்ற இரட்டை வண்ணம் அடித்து, நிக்கல் பூச்சு வைத்து விற்றுத் தீர்த்தார். 1928 ஸ்பீட்ஸ்டர் டேடோனா கடற்கரையில் மணிக்கு 108 மைலைத் தாண்டியது. 1930களின் நடுவில் பணம் வற்றிவிட்டது. புது ஸ்பீட்ஸ்டர் வேண்டும், புது உடல் செய்யக் காசில்லை. வடிவமைப்பாளர் கார்டன் பியூரிக் மிச்சமாகக் கிடந்த பழைய ஸ்பீட்ஸ்டர் உடல்களை எடுத்து, புது முகம் கொடுத்து, வாலையும் திருத்தி 851ஐ உருவாக்கினார். பின்பக்கம் முதலில் இருந்தது, முன்பக்கம் அதற்கு ஏற்ப வந்தது. நானும் அதே வரிசையில்தான் போயிருக்க வேண்டும். இரண்டாவது முறையிலிருந்து கதவும் வாலும் ஒரே கட்டையில், பானெட் கடைசியில்.

இரண்டாவது வாலில் வடிவம் வந்தது, நடுக்கோடு தொலைந்தது. பென்சிலில் போட்ட கோடு உளி பட்டதும் போய்விடும். திரும்பப் போடுவேன், அது முடிநுனி அளவு நகரும். கடைசியில் நுனி ஒன்றரை மில்லிமீட்டர் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. பட்டி போட்டு நிரப்பலாம்தான். எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவதுக்குக் கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் கருத்த மரத்தகடு வைத்து ஒட்டினேன். எவ்வளவு செதுக்கினாலும் கறுப்புக் கோடு மரத்துக்குள்ளேயே இருக்கிறது, அழியாது. இந்த ஒரு வேலைதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதோடு, ஒவ்வொரு செ.மீட்டருக்கும் குறுக்குவெட்டு வடிவத்தில் அட்டை வெட்டி வைத்துக்கொண்டேன். ஒரே அட்டையை இடது பக்கம் வைத்துப் பார்த்து, அப்படியே புரட்டி வலது பக்கம் வைக்க வேண்டும். பக்கத்துக்கு ஓர் அட்டை என்று செய்யாதீர்கள், இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது.

கடைசிக் கட்டம்: 220 நம்பர் உப்புத்தாள் தேய்த்த பிறகு மெல்லிய கறுப்பு ஸ்ப்ரே ஒரு கை, உடனே அதைவிட நைசான 400 நம்பர் தாள். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கும். பதினோரு முறை அடித்துத் தேய்த்தேன். தாளை விரலால் பிடிக்கவே கூடாது. விரல் வாய்க்கால் போட்டுவிடும். சைக்கிள் ட்யூப் துண்டை ஒரு ஸ்கேலில் சுற்றி, அதன்மேல் தாளை வைத்து, வாலின் நீளவாக்கில் மட்டும்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. மரக்கடையில் புதிதாக வாங்கிய துண்டு ஈரம். மூன்றே வாரத்தில் வெடித்தது. இப்போது சிற்பப் பட்டறையில் மிச்சம் விழும் பழைய குமிழ்த் துண்டுகளைத்தான் கேட்டு வாங்குகிறேன். காய்ந்த குமிழ் உளிக்கு வெண்ணெய் மாதிரி. வாட்டர்பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், பைக் பெயிண்ட் அடிக்கும் கடைகளில் மலிவு.

அடுத்தது புகைபோக்கிகள். 851இல் லைகமிங் எட்டு சிலிண்டர் எஞ்சின். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜரோடு 150 குதிரைசக்தி. பானெட்டின் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு நான்கு குரோம் குழாய்கள் வளைந்து வெளியே வரும், பாம்புத் தோல் மாதிரி வரிவரியாக. 8 கேஜ் எர்த் கம்பியை வளைத்து, மேலே கிடார் கம்பி சுற்றினேன். எஃகுக் கம்பி, கை எடுத்ததும் விரிந்துவிட்டது. ஃப்யூஸ் கம்பி நன்றாகப் படிகிறது, மினுமினுப்பும் இருக்கிறது. ஆனால் வளைவின் வெளிப்பக்கம் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது. தடித்த ஃப்யூஸ் கம்பியில் சுற்றிப் பார்க்க வேண்டும்.

டாஷ்போர்டில் ஒரு சின்னத் தகடும் வேண்டும். இந்த வண்டியை அனுப்பும் முன் இத்தனை மைல் வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம் என்று ஆப் ஜென்கின்ஸ் கையெழுத்தோடு ஒவ்வொரு ஸ்பீட்ஸ்டரிலும் பதித்தது அது. பன்னிரண்டு மணி நேரம் சராசரி நூறு மைலுக்கு மேல் இந்த வண்டியை ஓட்டிக் காட்டியவர் அவர். என் அளவில் அரிசி மணி அளவுதான் வரும். லேசர் பிரிண்டில் 100.8 என்ற எண் மட்டும் படிக்கிற மாதிரி வந்தால் எனக்குப் போதும்.

வால் இன்னும் பிரைமர் பார்க்கவில்லை. அதற்குள் 1928 ஸ்பீட்ஸ்டருக்கு வரைபடம் போட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கான குமிழ்த் துண்டு ஏற்கெனவே பரணில் காய்கிறது.