அறுவடையாம்!

நேற்று இணையத்தில், ஹார்ட்டின்கள் குவிந்த ஒரு வேட்டைப் புகைப்படம் கண்ணில் பட்டது. செத்த மானின் கொம்பைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி வைத்துச் சிரிக்கிறார் ஒருவர். வாயோரத்து ரத்தத்தைத் துடைத்திருக்கிறார்கள், முழுசாகப் போகவில்லை. கீழே, ‘இந்த சீசனின் முதல் ஹார்வெஸ்ட்’.

அறுவடையாம்! விதைத்தது யார்?

ஆங்கிலத்தில் இதற்கென்றே தனி அகராதி இருக்கிறது. வேட்டை விலங்குக்குப் பெயர் ‘கேம்’, அதாவது விளையாட்டு. (ஒரு தரப்புக்கு மட்டும்.) எண்ணிக்கையைக் குறைக்கக் கொன்றால் ‘கல்லிங்’, பொறுக்கியெடுப்பது என்ற பொருளில் வந்த சொல். ‘ட்ரோஃபி’ இன்னும் மோசம். பழைய கிரேக்கத்தில், எதிரி புறமுதுகிட்ட இடத்தில் நட்டு வைத்த வெற்றிச் சின்னம் அது. மான் எப்போது போருக்கு வந்தது? சஃபாரி போகிறவர்கள் ஆசையாகச் சொல்லும் ‘பிக் ஃபைவ்’ கூட வேட்டைக்காரர்கள் வைத்த பெயர்தான்: ஆப்பிரிக்காவில் நடந்துபோய் வேட்டையாடச் சிரமமான சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. மனிதரைக் கொன்ற புலி ‘ஆட்கொல்லி’. புலியைக் கொன்றவரோ ‘வேட்டைக்காரர்’, அதுவும் மரியாதை விகுதியோடு.

மான்கள் பெருகி, இளங்கன்று ஒன்றுகூட மரமாக முடியாத காடுகள் உண்டு. அங்கே சுட வேண்டியிருக்கிறது, மறுக்கவில்லை. சரி, சுடுங்கள். அப்புறம் ‘சுட்டேன்’ என்றே எழுதுங்களேன். அந்தப் படத்துக்குக் கீழே ‘கொன்றேன்’ என்று இருந்திருந்தால் அத்தனை ஹார்ட்டின் விழுந்திருக்குமா, தெரியவில்லை.