வராதவர்களின் கணக்கு

கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசும் இடமெல்லாம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று, எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் மாறிப் போனால் அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் நடந்தது. நான் செவிலியர் படிப்புப் படித்த காலத்தில் வகுப்பில் யாரும் அதைச் சொன்னதாக நினைவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, பரிசோதனைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

இடம் திண்டுக்கல் மாவட்டம். 1985 வரை அது மதுரை மாவட்டத்தோடுதான் இருந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, சங்கரநாராயணன் என்ற மருத்துவரின் தலைமையில் செய்த வேலை. கிராமத் தொகுதிகள் 114. அவற்றில் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை பரிசோதனை. மற்ற 57 தொகுதிகளில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை மட்டும். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதியில் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. பரிசோதனை செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற செவிலியர்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

பரிசோதனை எளிமையானது. உள்ளே விரித்துப் பார்க்க உதவும் கருவியான ஸ்பெகுலத்தை வைத்து, விளக்கைத் திருப்பி, சளியைத் துடைத்துவிட்டு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சால் கருப்பை வாயில் ஒற்ற வேண்டும். ஊறுகாயில் ஊற்றும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதல் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் வெளுக்கும். அந்தச் செல்களில் புரதம் மிகுதி. அமிலம் பட்டதும் அது உறைந்துவிடுகிறது. விளிம்பு தெளிவாக, காய்ந்த கஞ்சித் திட்டுப் போல அடர்த்தியாகத் தெரிந்தால் பாசிட்டிவ். அங்கங்கே மங்கலாக வெளுத்தால் பெரும்பாலும் வெறும் அழற்சி. எளிமை என்று சொன்னேன், கண் பழகும்வரை அது எளிமையல்ல. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பார்க்க வேண்டிய எல்லைக்கோடு, அதாவது இரு வகைச் செல்கள் சந்திக்கும் இடம், உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அப்போது “தெரியவில்லை” என்று எழுதத் துணிவு வேண்டும். எண்ணிக்கை கேட்கும் அலுவலகத்துக்குத் “தெரியவில்லை” பிடிக்காத சொல்.

அந்த ஒரு நிமிடம் படுத்திருப்பவருக்கு மிக நீளமானது. நான் அப்போது மழை, பருத்தி விலை, மகளின் பத்தாம் வகுப்பு என்று எதையாவது கேட்டுக்கொண்டிருப்பேன். சிலர் அந்த நேரத்தில்தான் வேறு யாரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள். ஒரு அம்மா வருடக்கணக்கில் வெள்ளைப்படுவதைச் சொன்னார். “இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருவார்களா தாயி?” என்று என்னையே கேட்டார். அவருக்கு இருந்தது சாதாரணத் தொற்று, மாத்திரையில் தீர்ந்தது. அதைச் சொல்ல அவருக்குப் புற்றுநோய் முகாம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

ஆய்வுக் கட்டுரையை எடுத்தால் மருத்துவர்கள் முதலில் 35 சதவீதத்தைப் பார்ப்பார்கள். நான் வேறு இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். முதலாவது, தகுதியுள்ள 49,311 பெண்களில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம். மீதி 17,968 பேர் வரவில்லை. இரண்டாவது, பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட 3,088 பேரில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது, நடந்துவிட்டது. விட்டுப்போனவர்கள் 36 பேர் மட்டும். கிராமத்தில் வேலை செய்த எவருக்கும் இந்த இரண்டாவது எண் நம்ப முடியாததாகத் தோன்றும். காரணம் மந்திரமல்ல. கால்போஸ்கோபியும் தசைத் துணுக்கு எடுப்பதும், தேவைப்பட்டால் உறைய வைக்கும் கிரையோ சிகிச்சையும் அன்றே, அதே இடத்தில், செவிலியர்களாலேயே தரப்பட்டன. வந்தவரை வெறும் சீட்டோடு திருப்பி அனுப்பவில்லை.

எங்கள் நிலையத்தில் அந்த வசதி கிடையாது. பாசிட்டிவ் என்றால் சீட்டு எழுதி மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை அப்படி அனுப்பினேன். முதல் முறை போனபோது வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை போனால் மருத்துவர் விடுப்பு. இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் போயின. பிறகு ஊரில் பார்த்துக் கேட்டபோது, “சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது சிஸ்டர்” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பத்திரமாகத்தான் வைத்திருந்தார். மூன்றாம் முறை நானே உடன் போனேன். எல்லோரோடும் நான் போக முடியுமா? பிரசவ அறையும் தடுப்பூசியும் சர்க்கரை நோயாளிகளின் வரிசையும் யார் தலையில் விழும்?

மருத்துவப் புத்தகங்கள் இலேசாகத் தாண்டிப்போகும் இடமும் ஒன்று உண்டு. கிரையோ செய்தால் மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். வலி பெரிதாக இராது. ஆனால் சில வாரங்களுக்குப் பிறப்புறுப்பிலிருந்து நீராகக் கசியும், ஒரு மாதம் கணவரோடு சேரக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வீட்டில் எப்படிச் சொல்வார்? பல நேரம் கணவரைத் தனியாக வரச் சொல்லி நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டுத் தலையாட்டும் ஆண்களும் உண்டு. “ஒரு மாதமா?” என்று முறைத்தவர்களும் உண்டு.

அந்த ஆய்வில் எனக்கு உறுத்தலும் இருக்கிறது. பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட தொகுதிகளில் 30,958 பெண்கள். 2006 வரையிலான கணக்கில் அங்கே 92 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள்; எண்ணிக்கையில் பெரிதான பரிசோதனைக் குழுவில் 83 பேர். பரிசோதனை தராமல் விட்டது சரியா என்ற இதே கேள்வி மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் நடந்த இதுபோன்ற ஆய்வுகள் மீதும் எழுந்தது. வெளிநாட்டு மருத்துவர்கள் சிலர் கடுமையாக விமர்சித்தார்கள். அப்போது நம் கிராமங்களில் எவருக்கும் பரிசோதனை இல்லை, ஆகவே யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை என்பது பதில். தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஒப்பிட்டுக் காட்டாமல் அரசு பணம் ஒதுக்கியிருக்காது என்பதும் புரிகிறது. பின்னால் தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கி மாநிலம் முழுவதும் இந்தப் பரிசோதனையைக் கொண்டு வந்தது. இருந்தாலும் பக்கத்து ஊரில் நடக்கும் சோதனையை என் ஊரில் செய்யாமல் வீடு வீடாகப் பெயர் மட்டும் பதியச் சொல்லியிருந்தால், அந்த வேலையை நான் எப்படிச் செய்திருப்பேன் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பரிசோதனைக்கு வராத அந்த 17,968 பேருக்குத் திரும்புகிறேன். எங்கள் முகாம் காலை பத்து மணிக்கு. நூறு நாள் வேலைக்குப் போனவர்களை ஒரு நாளில் இரண்டு முறை புகைப்படம் எடுத்து வருகை பதிகிறார்கள். நடுவில் எழுந்து வந்தால் கூலி போகும். மல்லிகைத் தோட்டத்துக்கு இருட்டோடு இருட்டாகப் போனவர்கள், மொட்டு சந்தைக்குப் போன பிறகு வீடு திரும்பி உலை வைக்கும் நேரம் அது. ஆகவே வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய, மருமகளிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்ட அம்மாக்கள். திண்டுக்கல் ஆய்விலோ அதிகப் பலன் கண்டவர்கள் 30 முதல் 39 வயது வரையுள்ளவர்கள். பலன் பெற வேண்டியவர் சூளையிலும் வரப்பிலும் நிற்கிறார், நாங்கள் அவருடைய மாமியாரைப் பரிசோதித்து எண்ணிக்கையை முடிக்கிறோம்.

நேரம் மட்டும் காரணமல்ல. முகாம் நடக்கும் சில கட்டடங்களில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. ஒரு சேலையைக் கட்டி மறைப்போம். கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் உண்டு. ஏற்கெனவே தனியார் மருத்துவமனையில் எடுத்துக்கொண்டவர்கள், “எனக்குத்தான் அதுவே இல்லையே” என்று சிரித்துக்கொண்டு போவார்கள். தன் பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்ட கிராம சுகாதார செவிலியர் வாசலில் நின்று கூப்பிட்டால் வருபவர்கள், ஒலிபெருக்கி கூப்பிட்டால் வருவதில்லை.

இப்போது ஆய்வு வேறு திசையில் போகிறது. இந்தப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்று கண்ட ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனையையே முதலில் செய்யலாம், மாதிரியைப் பெண் தானே எடுத்துத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மேசையில் ஏற வேண்டாம் என்பது பெரிய விடுதலை, மனமார வரவேற்கிறேன். ஆனால் முடிவு பாசிட்டிவ் என்று வந்தால்? உடலுறவால் பரவும் வைரஸ் என்று காதில் விழுந்த கணத்தில் வீட்டில் சண்டை மூளும். “யாரிடமிருந்து வந்தது?” என்று அவரும் கேட்பார், இவரும் கேட்பார். எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது, பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானே போய்விடும், நீங்காமல் தங்கினால்தான் கவனிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல ஒருவர் வேண்டும். கருவி விலை, சோதனைச் செலவு எல்லாம் கணக்கிடுகிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஆகும் அரை மணி நேரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும்.

எங்கள் பதிவேட்டில் வந்தவர், பாசிட்டிவ், அனுப்பப்பட்டவர் என்று பத்திகள் உண்டு. வராதவர் ஏன் வரவில்லை என்பதற்குப் பத்தி கிடையாது. நான் தனியாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதை ஆய்வு என்று சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள், சொல்லவும் இல்லை. ஆனால் அதைக் காட்டித்தான் மருத்துவ அலுவலரிடம் மாலை முகாம் கேட்டேன். அறிக்கைப் படிவத்தில் மாலை நேரம் என்று இல்லையே என்றார் முதலில். பிறகு, ஒரு முறை வைத்துப் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் ஐந்து மணிக்குச் சத்துணவுக் கூடத்தில். நல்ல விளக்கு ஒன்றை ஊராட்சியில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆசாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.