ஓமானுக்குப் போகவிருந்த ஏழு கறி

காவடி முடிந்து மொரிஷியஸின் கத்ர போர்ன் ஊரில் ஒரு வீட்டில் விருந்து. ஏழு கறியும், அதாவது ஏழு வகை மரக்கறியும், வேனில் ஏறியாச்சு. வழி சொல்ல வேண்டியவர் மாமா. படகில் வைத்திருக்கும் கையடக்க ஜிபிஎஸ்ஸைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர். "இருபது பதினாறு தெற்கு, அம்பத்தேழு இருபத்தெட்டு கிழக்கு, எழுதிக்கோ" என்று போனில் சொன்னார். டிரைவர் தம்பி -20.16, 57.28 என்று அடித்தான்.

"மாமா, கடல் காட்டுது."

காட்டத்தானே செய்யும்! தலைநகர் போர்ட் லூயிஸுக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நடுக்கடல் அது. மாமா சொன்ன 28, நிமிஷம்; டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு நிமிஷம். அதை 60-ஆல் வகுத்தால் 0.467, ஆக, தீர்க்கரேகை 57.467. அதேபோல் 16 நிமிஷம் 0.267 ஆகும். படகுக்காரர்களின் கருவி பெரும்பாலும் டிகிரி-நிமிஷத்தில் பேசும், போன் மேப் தசமத்தில் பேசும். நடுவில் வகுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

வகுத்தாச்சு. அவசரத்தில் தெற்கைக் குறிக்கும் மைனஸ் விட்டுப்போச்சு. 20.267, 57.467: ஓமான் பாலைவனம். மைனஸைப் போட்டான், ஆனால் எண்களை இடம் மாற்றிவிட்டான். இப்போது ஐஸ்லாந்துக்குத் தெற்கே அட்லாண்டிக். முதலில் அட்சரேகை, பிறகுதான் தீர்க்கரேகை. ரங்கூன் சொந்தக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தீர்க்கரேகை 96, அட்சரேகையோ 90-ஐத் தாண்டாது. மாற்றி அடித்தால் போனே மறுத்துவிடும். நம்ம 57-ஐ மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இத்தனை கூத்திலும் செயற்கைக்கோள் மேல் பழி கிடையாது. 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னலின் நேரத்தைத்தான் கருவி அளக்கிறது. கடிகாரம் ஒரு மைக்ரோசெகண்ட் பிசகினால் 300 மீட்டர் போச்சு. அந்தப் பிசகையும் கணக்குப் போட்டுக் கழிக்கத்தான், இடம் காட்டும் மூன்றுக்கு மேல், நாலாவது செயற்கைக்கோள். நெட் உள்ள போனுக்கு அவை எங்கே இருக்கின்றன என்ற தகவல் உடனே கிடைத்துவிடும். மாமாவின் கருவி எல்லாவற்றையும் வானத்திலிருந்தே வாங்க வேண்டும்; ரொம்ப நாள் அணைந்து கிடந்திருந்தால் முழு அட்டவணையும் இறங்க 12.5 நிமிஷம். அதையும் தகரக் கூரைக்கு அடியில் நின்று தட்டிக்கொண்டிருந்தால் நடக்குமா? வெட்டவெளிக்கு வரணும்.

இன்னொன்று, நிமிஷத்தில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்களை மாமா "சில்லறை" என்று விட்டுவிட்டார். மொரிஷியஸில் தீர்க்கரேகையின் ஒரு நிமிஷம் 1.74 கி.மீ.; அந்தச் சில்லறையில் பக்கத்துத் தெரு மட்டுமல்ல, பக்கத்து ஊரே அடங்கும்.

கருவியின் செட்டிங்கில் தசம டிகிரிக்கு மாற்றிவிட்டால் வகுக்கவே வேண்டாம். போனில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும், இரண்டாவதுதான் தீர்க்கரேகை. புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் தாராளம், ஐந்தாவது இலக்கமே சுமார் ஒரு மீட்டர். திறந்த வெளியிலும் போன் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும் என்பதால், வீட்டு கேட்டில் யாராவது நின்று கையாட்டினால் மிச்சத்தை டிரைவர் பார்த்துக்கொள்வான்.