அலாஸ்காவில் வீடு பார்க்கிறீர்களா? ஊருக்கு முன்னால் மேட்டைப் பாருங்கள்

அலாஸ்காவில் வேலையோ படிப்போ அமைந்துவிட்டால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஊர் நல்லது என்பதுதான். அதைவிட முக்கியமானது அந்த ஊருக்குள் எந்த மேடு, எந்தச் சரிவு, எந்த மண் என்பது. இதைக் கவனிக்காமல் வாடகையையும் படுக்கையறை எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் முதல் குளிர்காலத்திலேயே வேறு வீடு தேட வேண்டியிருக்கும்.

ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூனோவில் ஜனவரி சராசரி வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். குளிரைவிட மழைதான் அதிகம். வெளியூருக்குச் சாலை கிடையாது, விமானம் அல்லது ஃபெர்ரிதான். மெண்டன்ஹால் ஆற்றங்கரையில் வீடு பார்த்தால் வெள்ள வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். மலையில் பனிப்பாறையை ஒட்டித் தேங்கும் நீர் திடீரென உடைத்துக்கொண்டு 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் ஆகஸ்டில் அங்கே வெள்ளம் வந்தது.

ஆங்கரேஜில் ஜனவரி சராசரி மைனஸ் 8 அளவில் இருக்கும். நகரின் பெரும்பகுதியில் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருவதால், சூடாக்கும் செலவு வடக்கை ஒப்பிட்டால் தாங்கும். அங்கே கவலை நிலநடுக்கம். 1964-ல் 9.2 அளவு நடுக்கத்தில் டர்னகெயின் ஹைட்ஸ் என்ற குடியிருப்பு, அடியில் இருந்த களிமண் வலுவிழந்து கடலை நோக்கிச் சரிந்தது. நகராட்சி நில அபாயத்தை 1 முதல் 5 வரை மண்டலங்களாகப் பிரித்து வரைபடம் வைத்திருக்கிறது. கடல் தெரியும் வீடு என்று விளம்பரம் வந்தால் அந்த எண்ணை முதலில் பாருங்கள். விலை குறைவு என்று பக்கத்து ஊர்களான பாமர், வசில்லா பக்கம் போனால் ஆங்கரேஜ் வேலைக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கிளென் நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் சுற்றிப்போக வேறு வழி இல்லை.

உண்மையில் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஊர் ஃபேர்பேங்க்ஸ். ஜனவரி சராசரி மைனஸ் 22, மைனஸ் 40 வருவதும் அபூர்வமில்லை. ஆனால் காற்று அசையாத குளிர்கால நாட்களில், கனமான குளிர்காற்று பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதுபோலத் தேங்கிவிடும். அதன் மேல் சூடான காற்று மூடியாக உட்காரும். கோல்ட்ஸ்ட்ரீம் பள்ளத்தாக்கில் மைனஸ் 40 காட்டும்போது, எஸ்டர் டோம் என்ற குன்றின் சரிவில் சில நூறு மீட்டர் உயரத்தில் மைனஸ் 25 இருக்கும். வீடு பார்க்க ஜூன் மாதம் போகாதீர்கள், ஜனவரியில் போங்கள். கார் டாஷ்போர்டில் வெளி வெப்பநிலையைப் போட்டுக்கொண்டு பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓட்டினால் எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். புகைபோக்கிகளையும் பாருங்கள். புகை நேராக எழும்பி ஓர் உயரத்தில் பட்டையாகப் பரவினால், அதுதான் மூடி. உங்கள் வீடு அதற்குக் கீழே இருந்தால் அந்தப் புகையைத்தான் சுவாசிப்பீர்கள். ஃபேர்பேங்க்ஸும் பக்கத்து நார்த் போல் ஊரும் நுண்துகள் மாசுக்காக 2009-லேயே மத்திய அரசின் பட்டியலில் சேர்ந்த இடங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் பள்ளத்தை யோசிக்கவே வேண்டாம்.

மேட்டிலும் தெற்கு பார்த்த சரிவுதான் வேண்டும். டிசம்பர் 21 அன்று அங்கே நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 2 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், பகல் 4 மணி நேரம்கூட இல்லை. 10 மீட்டர் உயர மரம் ஏறக்குறைய 300 மீட்டருக்கு நிழல் போடும். தெற்கே ஒரு சின்னக் குன்று இருந்தாலே வாரக்கணக்கில் வெயில் கிடையாது.

அடுத்தது மண். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம், அதாவது பெர்மாஃப்ராஸ்ட், இங்கே திட்டுத்திட்டாக இருக்கிறது. பெரும்பாலும் வடக்குச் சரிவிலும் பள்ளத்தின் அடியிலும். மரமே அடையாளம் சொல்லும். குட்டையான, மெலிந்த, சாய்ந்து நிற்கும் கருப்பு ஸ்ப்ரூஸும் தடித்த பாசியும் இருந்தால் கீழே பனிக்கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். பிர்ச், ஆஸ்பென் ஓங்கி வளர்ந்திருந்தால் நல்ல அறிகுறி. இது சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், உறுதி செய்ய மண்ணைத் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். வீட்டுச் சூடு தரைக்குள் இறங்கினால் பனிக்கட்டி உருகி, ஒரு மூலை மட்டும் அமிழும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், தானாகத் திறந்துகொள்ளும் கதவு, தரையில் வைத்த கோலிக்குண்டு உருளுவது எல்லாம் அதன் தடயங்கள். இப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்டுவதே தப்பு என்றில்லை. தூண்களின் மேல் தூக்கிக் கட்டி, திருகு ஜாக்கி வைத்து, அடியில் குளிர்காற்று ஓட இடம் விட்டிருந்தால் மட்டம் சரிசெய்துகொண்டே வாழலாம். தரை சில்லிடுகிறதே என்று அந்த அடிப்பகுதியைப் பலகை வைத்து அடைத்திருந்தால் அந்த வீடு வேண்டாம்.

தண்ணீரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலைப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் இயற்கையாகவே ஆர்சனிக் உண்டு. ஆய்வக அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாது. கிணறு இல்லாத வீடுகளில் லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக்கொள்வார்கள். குழாயே இல்லாத வீடுகளும் சாதாரணமாக வாடகைக்குக் கிடைக்கும், அவற்றை டிரை கேபின் என்பார்கள். 5 கேலன் கேன்களில் தண்ணீரைச் சுமக்க வேண்டும், குளியல் வெளியே, குளிக்கும் வசதி உள்ள சலவைக்கடையில், கழிப்பறை முற்றத்தில். அந்தக் கழிப்பறையின் இருக்கை தெர்மோகோல் போன்ற ஃபோம் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். மைனஸ் 30-லும் அதில் உட்கார முடியும், பிளாஸ்டிக்கில் முடியாது. தனியாக இருப்பவருக்குப் பணம் மிச்சம்தான். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சூடாக்குவது பெரும்பாலும் ஹீட்டிங் ஆயிலில். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும், போன இரண்டு ஆண்டுகளின் ஆயில் பில்லைக் கேட்டு எத்தனை கேலன் என்று பாருங்கள், காப்பிடுதல் எப்படி என்பது அதில் தெரிந்துவிடும். வீடு எவ்வளவு எரிபொருள் தின்னும் என்று கணக்கிடும் ஏ.கே.வார்ம் ஆற்றல் மதிப்பீடு இருந்தால் அதையும் கேளுங்கள். டேங்க் வெளியே நின்றால், குளிரிலும் கெட்டிப்படாத நம்பர் 1 வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும். மலிவு என்று நம்பர் 2 ஊற்றினால் கடுங்குளிரில் கெட்டிப்பட்டு ஃபில்டரை அடைத்துவிடும், பாய்லர் நிற்பது நள்ளிரவில்தான் தெரியும். பாய்லரும் சரி, டோயோ ஸ்டவ் எனும் சிறிய ஆயில் ஹீட்டரும் சரி, மின்சாரம் இல்லாமல் ஓடாது. ஆகவே மரம் எரிக்கும் அடுப்பு ஒன்று மாற்றாக இருப்பது நல்லது, அது சான்று பெற்றதாக இருக்க வேண்டும். காற்று மோசமான நாட்களில் எரிக்கத் தடை வரும் என்பதால் அதை மட்டுமே நம்பவும் முடியாது.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: ஆயில் யார் செலவு, வீட்டுப் பாதையில் பனி தள்ளுவது யார், கார் எஞ்சினைச் சூடாக்க வெளியே மின் இணைப்பு உண்டா. அந்த இணைப்பு இல்லாத இடத்தில் மைனஸ் 30 காலையில் கார் கிளம்பாது. பாதை செங்குத்தாக இருந்தால், மார்ச்சில் பகலில் உருகி இரவில் கண்ணாடிபோல் உறையும்போது அதில் ஏற முடியுமா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.