போர்க்கைதியும் போருக்குப் போன கைதியும்

2022 செப்டம்பர், பத்திரிகை ஆபீஸில் நைட் ஷிப்ட். ரஷ்யச் சிறை மைதானம் ஒன்றில் கைதிகளைச் சுற்றி நிற்கவைத்து, வாக்னர் கூலிப்படை முதலாளி பிரிகோஷின் பேசிய வீடியோ பரவிக்கொண்டிருந்தது. உக்ரைனில் ஆறு மாதம் சண்டை போட்டால் மன்னிப்பு, சிறைக்குத் திரும்ப வேண்டாம். போன பிறகு மாட்டேன் என்றால் சுட்டுவிடுவோம். யோசிக்க ஐந்து நிமிடம். அவரே சோவியத் காலத்தில் ஒன்பது வருஷம் உள்ளே இருந்தவர். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்த ஆள்.

பக்கம் முடிக்கிற அவசரம். 'போர்க்கைதிகளைக் களமிறக்கும் ரஷ்யா' என்று தலைப்பு வைத்தேன். போர், கைதி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் கை தானாக ஒட்டிவிட்டது. தலைமை உதவி ஆசிரியரான சீஃப் சப்பும் கவனிக்கவில்லை.

மறுநாள் சாயந்தரம் போன். ஓய்வுபெற்ற சிறை வார்டராம். "தம்பி, போர்க்கைதின்னா எதிரிகிட்ட பிடிபட்ட சிப்பாய். இவங்க தண்டனைக் கைதி. இவங்களோடயே சர்வீஸை ஓட்டினவன் நான், எனக்குத் தெரியாதா?"

வெறும் சொற்பிழை இல்லை அது. பிடிபட்ட எதிரி வீரரைத் தன் படையில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்குற்றம். அந்தச் செய்தியில் இல்லாத குற்றத்தைத் தலைப்பில் ஏற்றியிருந்தேன்.

அவர் போனை வைக்கவில்லை. "அண்ணா பிறந்தநாள் முன்விடுதலை லிஸ்ட்ல பேர் இருக்கான்னு எப்படிக் காத்துக் கிடப்பாங்க தெரியுமா? அந்த மாதிரி ஆள்கிட்ட போய் சண்டைக்கு வர்றியான்னு கேட்டா?"

அதற்குப் பிறகு செய்தி ஏஜென்சி அனுப்பும் காப்பியில் 'தாமாக முன்வந்த கைதிகள்' என்று வந்தால் முதல் இரண்டு வார்த்தையை அடித்துவிடுவேன். 2023 மே மாதம், உக்ரைன் நகரமான பாக்முத்தில் தன் ஆட்கள் 20,000 பேர் செத்ததாகவும் அதில் பாதி சிறையிலிருந்து வந்தவர்கள் என்றும் பிரிகோஷினே சொன்னபோதும் அப்படித்தான் செய்தேன்.

2024 மே மாதம் உக்ரைனும் கைதிகளைப் படையில் சேர்க்கச் சட்டம் போட்டது. பாலியல் வன்முறை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களைக் கொன்றது போன்றவற்றில் தண்டனை பெற்றவர்களுக்கு இடமில்லை. அங்கே மன்னிப்பு கிடையாது, பரோல்தான். நம்மூரில் பரோல் என்றால் தங்கை கல்யாணத்துக்கோ அப்பா காரியத்துக்கோ போலீஸ் காவலோடு வந்து போவது. சண்டைக்கு லீவில் அனுப்புகிறார்கள் என்றல்லவா படிப்பார்கள்? 'நிபந்தனை விடுதலை' என்று மாற்றினேன். ஒரு பத்தி அகலத்துக்குள் தலைப்பு அடங்கவில்லை. லேஅவுட்காரர் முறைத்துக்கொண்டே எழுத்தைச் சின்னதாக்கினார்.