உள்ளது உள்ளபடியே

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில ஆறு வருஷம் ப்ரூஃப் ரீடரா இருந்தேன். ப்ரூஃப் ரீடர்னா ஏசி ரூம்ல உக்காந்து நாள் முழுக்க புக் படிக்கிற வேலைன்னு சொந்தக்காரங்க எல்லாம் நினைச்சுட்டிருந்தாங்க, நிஜத்துல அது படிக்காம இருக்கிற வேலை. வெளிநாட்டு பப்ளிஷருங்க பழைய புத்தகங்கள ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க, நாங்க அத ஓசிஆர்ல, அதாவது படத்துல இருக்கிற எழுத்த டைப் பண்ணின எழுத்தா மாத்தற சாஃப்ட்வேர்ல ஓட்டி, டேக் போட்டு, இடது பக்கம் இமேஜ் வலது பக்கம் டெக்ஸ்ட்னு திறந்து வச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாக்கணும். 20,000 எழுத்துக்கு ஒரு தப்பு வரலாம், அதத் தாண்டினா பேட்ச் திரும்பி வந்துடும். கதை புரிய ஆரம்பிச்சுச்சுன்னா கண்ணு தானா ஓடும், தப்பான ஸ்பெல்லிங்க மூளையே சரி பண்ணிக்கிட்டு போயிடும், அதனால சேர்ந்த அன்னிக்கே டிஎல் அக்கா, எங்க டீம் லீடர், சொல்லிட்டாங்க, "கதைக்குள்ள போயிடாதப்பா, எழுத்த மட்டும் பாரு."

அப்படித்தான் பாத்துட்டிருந்தேன், ஸ்டீபன் கிரேன் வர்ற வரைக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர்கள்னு ஒரு ப்ராஜெக்ட், அதுல கிரேன் எங்க டீமுக்கு வந்துச்சு. மத்தவங்களோட ஒப்பிட்டா சின்ன பேட்ச்தான். 1871-ல நியூஜெர்சியில பிறந்து 1900-ல டிபியில போயிட்டாரு, 28 வயசு. அப்பா மெதடிஸ்ட் பாதிரியார், வீட்டுல பதினாலாவது குழந்தை. இந்த விவரமெல்லாம் அப்ப எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிஞ்சது பேட்ச் நம்பர், பக்கம் எத்தனை, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும், அவ்வளவுதான்.

முதல்ல வந்தது மேகிங்கற நாவல். ஓசிஆர் முடிச்சு ஸ்பெல் செக் போட்டா ஸ்க்ரீன் பூரா சிவப்புக் கோடு. 'தட்'னு வர வேண்டிய எடத்துல 'டாட்', 'திஸ்'ஸுக்கு 'டிஸ்', 'வித்'துக்கு 'விட்'. ஸ்கேன் மோசம் போலன்னு நினைச்சு நான் பாட்டுக்கு ஒவ்வொண்ணா திருத்த ஆரம்பிச்சுட்டேன், நாப்பது பக்கம் திருத்தினதுக்கு அப்புறம்தான் இமேஜ ஒழுங்கா பாத்தேன், அச்சுலயே அப்படித்தான் இருக்கு. நியூயார்க் பவரி பக்கத்து சேரியில ஐரிஷ் குடும்பத்துப் பசங்க பேசற பேச்ச அந்த ஆளு காதுல விழுந்தபடியே எழுதியிருக்கார். நான் பண்ணினது என்னன்னா, காசிமேட்டுல ஒருத்தர் "இன்னாபா, எங்க கண்டுக்கவே மாட்ற"ன்னு சொன்னத எடுத்து "என்னப்பா, ஏன் பார்ப்பதே இல்லை"ன்னு பாடப்புத்தகத் தமிழ்ல போட்ட வேலை. நாப்பது பக்கத்தையும் அண்டூ பண்ண முடியல, ஃபைல சேவ் பண்ணி மூடிட்டேன், மறுபடி கையாலதான் கெடுக்க வேண்டியிருந்துச்சு. சரியான இங்கிலீஷ கஷ்டப்பட்டு தப்பாக்கறதுக்கு ஒரு நாள் ஓவர்டைம் பண்ணேன்னு வீட்டுல சொன்னா யாரு நம்புவா.

1893-ல அந்த நாவல எந்த பப்ளிஷரும் எடுத்துக்கல, சொந்தக் காசு போட்டு ஜான்ஸ்டன் ஸ்மித்ங்கற பொய்ப் பேர்ல அச்சடிச்சிருக்கார், அப்போதைக்கு வாங்க ஆளில்ல. பின்னாடி பேர் வந்ததும் 1896-ல ஒரு பெரிய பப்ளிஷர் அதையே திரும்பப் போட்டப்போ வசவு வார்த்தைங்களக் குறைக்கச் சொல்லி, அவரும் குறைச்சுக் குடுத்தார். எங்களுக்கு வந்தது 1893 காப்பி. நல்லவேளை.

அடுத்து அந்தப் பேரை வாங்கிக் குடுத்த நாவல், தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ், 1895. அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்தினது, ஆனா போர் முடிஞ்சு ஆறு வருஷம் கழிச்சுதான் இவரு பிறந்ததே. ஒரு சண்டையக்கூட பாக்காத இருபத்திச் சொச்சம் வயசுப் பையன், பழைய சிப்பாய்ங்க பத்திரிகையில எழுதின கட்டுரையெல்லாம் படிச்சுட்டு, இவங்க என்ன செஞ்சாங்கன்னு எழுதறாங்க, பயந்தாங்களான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களேன்னு எரிச்சலாகி எழுதினதாம். கதையில பையன் முதல்ல பயந்து ஓடிடறான். 'சிவப்பு பேட்ஜ்'னா அடிபட்ட காயம். கடைசியில அவனுக்குக் கிடைக்கிற காயம்கூட எதிரி குடுத்தது இல்ல, அவன மாதிரியே ஓடிட்டிருந்த சொந்தப் பக்கத்து ஆளு துப்பாக்கிக் கட்டையால மண்டையில போட்டது. இத வச்சுத்தான் அவன் வீரன் ஆகறான்! இந்த எடத்துல நான் கதைக்குள்ள போயிட்டேன், ஒத்துக்கறேன், அன்னிக்கு டார்கெட் போச்சு.

அதுல ஒரு வரி வரும். கூட வந்த நெட்டச் சிப்பாய் காயத்தோட நடந்து நடந்து கடைசியில துடிச்சுச் சாவான், பையன் போர்க்களத்தப் பாத்து கைய முறுக்குவான், உடனே அடுத்த வரி, சிவப்பு சூரியன் வானத்துல வேஃபர் மாதிரி ஒட்டியிருந்துச்சுன்னு. எனக்கு வேஃபர்னா நாலு மணி டீக்கு கேன்டீன்ல விக்கிற ஸ்ட்ராபெரி வேஃபர்தான். பிஸ்கட்ட எப்படி வானத்துல ஒட்டுவாங்கன்னு பக்கத்து சீட் அண்ணன்கிட்ட கேட்டேன். அவரு அந்தக் காலத்துல லெட்டர் மடிச்சு சீல் வைக்க வட்டமா சிவப்பா ஒட்டுற வில்லைக்கும் வேஃபர்னுதான் பேருன்னார். சர்ச்சுல குடுக்கிற அப்பத்தையும் அப்படித்தான் சொல்வாங்க, அதனால இது யேசுவைக் குறிக்குதுன்னு சில விமர்சகருங்க எழுதியிருக்காங்கன்னு பின்னாடி படிச்சேன். எனக்கு அண்ணன் சொன்ன சீல்தான் சரின்னு படுது. ஒருத்தன் செத்துக் கிடக்கான், மேல ஏதோ ஆபீஸ் வேலை முடிஞ்ச மாதிரி சீல் ஒட்டியாச்சு.

இனிமேதான் நான் மாட்டினது. கவிதை. தி பிளாக் ரைடர்ஸ், அதுவும் 1895-தான், பாஸ்டன்ல போட்டது, 68 கவிதை. எதுக்கும் தலைப்பு இல்ல, ரோமன் எண் மட்டும், பக்கத்து மேல நாலஞ்சு வரி, கீழ பூரா வெள்ளை. கிரேன் அதுங்களக் கவிதைன்னே சொல்ல மாட்டார், 'வரிகள்'னுதான் சொல்வாராம். விஷயம் என்னன்னா எல்லா எழுத்தும் கேப்பிடல் லெட்டர். நான் பாத்தேன், எவனோ கேப்ஸ் லாக் போட்டு மறந்துட்டான்னு முடிவு பண்ணி, மேக்ரோ ஒண்ணு, அதாவது மொத்தத்தையும் தானா மாத்தற குட்டி ப்ரோக்ராம், ஓட்டி 68-ஐயும் ரெண்டு நிமிஷத்துல சின்ன எழுத்தாக்கி, டைம் மிச்சம் பண்ணினதுக்கு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டு அனுப்பிட்டேன். ரெண்டு நாள்ல பேட்ச் திரும்பி வந்துச்சு. முதல் பதிப்பே பெரிய எழுத்துலதான், அதான் அதோட வடிவம்னு ஒரு வரி மெயில்.

இன்னொரு மேக்ரோ ஓட்டினா போதும்தான். டிஎல் அக்கா விடல. "நம்பிக்கை போச்சு, இமேஜ பாத்து திரும்ப டைப் பண்ணு"ன்னுட்டாங்க. அப்ப கோவமா வந்துச்சு, கேப்ஸ் லாக்க அமுக்கிட்டு நைட் ஷிஃப்ட்ல உக்காந்தேன். மூணாவது கவிதையில பாலைவனத்துல ஒரு பிராணி, உடம்புல துணி இல்ல, தரையில குந்தி உக்காந்து தன்னோட இதயத்தையே கையில வச்சுத் தின்னுட்டிருக்கு. நல்லாருக்கான்னு கேட்டா கசப்பு, ரொம்ப கசப்புங்குது, கசப்பா இருக்கறதாலயும் அது என் இதயங்கறதாலயும் எனக்குப் பிடிக்குதுங்குது. 'கசப்பு'ங்கற அந்த வார்த்தைய ஒவ்வொரு எழுத்தா பெருசு பெருசா அடிக்கும்போது கை நின்னுடுச்சு. சேட்டுல கேப்பிடல்ல அடிச்சா கத்துறோம்னு அர்த்தம், இது கத்தல் மாதிரி இல்ல. கோயில் சுவத்துல கல்வெட்டு இருக்கும்ல, யாரு வெட்டினதுன்னு தெரியாம, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம, அந்த மாதிரி. மேக்ரோ ஓட்டினப்போ அது எனக்குத் தெரியல.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட தமிழ்ல சொல்லிக் காட்டினேன். நம்ம எழுத்துல பெருசு சிறுசுன்னு ஒண்ணு கிடையாதே, அந்தக் கல்வெட்டு அங்கேயே நின்னுடுச்சு, வெறும் சேதிதான் தமிழுக்கு வந்துச்சு. அம்மா கேட்டுட்டு, "பாகக்காய் விரும்பித் தின்றவன் பேசற மாதிரி இருக்கு"ன்னாங்க. நான் படிச்ச விமர்சனத்துலயே இதான் பெஸ்ட்.

1899-ல வார் இஸ் கைண்ட்னு ரெண்டாவது தொகுப்பு. அழாத பொண்ணே, யுத்தம் அன்பானதுன்னு செத்துப்போன சிப்பாயோட காதலிக்கும் குழந்தைக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கிட்டே போற கவிதை, நக்கல்னு எங்கயும் சொல்லாம நக்கல். அதுலயே ஒரு குட்டிக் கவிதை, ஒருத்தன் பிரபஞ்சத்துகிட்ட "ஐயா, நான் இருக்கேன்!"ங்கறான், "இருந்தாலும் அதனால எனக்கு எந்தக் கடமை உணர்ச்சியும் வரல"ன்னு பதில் வருது. அப்ரைசல் மாசத்துல இத எங்க டீம் க்ரூப்ல போட்டேன், எச்ஆர் தவிர எல்லாரும் சிரிச்சாங்க.

கடைசியா தி ஓப்பன் போட். 1896 டிசம்பர் 31 கியூபா புரட்சிக்காரங்களுக்கு ஆயுதம் ஏத்திக்கிட்டு ஃபுளோரிடாவுல இருந்து கிளம்பின கமடோர் கப்பல்ல கிரேன் நிருபரா போனார், ஜனவரி 2 காலையில கப்பல் முங்கிடுச்சு. பத்தடிப் படகுல நாலு பேர், அடிபட்ட கேப்டன், சமையக்காரர், இன்ஜினுக்கு எண்ணெய் போடுறவர், நிருபர். ஒரு நாளுக்கு மேல கடல்ல கிடந்து டேடோனா பீச் கிட்ட படகு கவுந்து, மூணு பேரு பிழைச்சாங்க, எண்ணெய் போடுறவர் பிழைக்கல. பேப்பருக்கு உடனே ரிப்போர்ட் எழுதினார், அது ரிப்போர்ட்தான். ஜூன்ல பத்திரிகையில வந்தது இந்தக் கதை. முதல் வரியே, அவங்க யாருக்கும் வானம் என்ன கலர்னு தெரியாது. ஏன்னா கண்ணு பூரா அடுத்த அலை மேலயே. எங்க ஃப்ளோர்ல ஜன்னல் கிடையாது, வெளிய மழை பேஞ்சா யாரோ நனைஞ்சுட்டு உள்ள வந்தாதான் தெரியும்.

முங்கித்தான் சாகணும்னா, கடல ஆளுற ஏழு பைத்தியக்கார சாமிங்க பேரால கேக்கறேன், மணலையும் மரத்தையும் பாக்கற தூரம் வரைக்கும் என்னை ஏன் வர விட்டீங்கன்னு ஒரு புலம்பல் அதுல திரும்பத் திரும்ப வரும். நான் டூப்ளிகேட் பாரான்னு பப்ளிஷருக்கு க்வெரி போட்டேன், ஒண்ண தூக்கிடலாமான்னு. வேணும்னே எழுதினது, காப்பியில உள்ளபடியே விடுங்கன்னு பதில். கரையில இருக்கிறவன் இவங்க ஜாலியா மீன் பிடிக்கிறாங்கன்னு நினைச்சு கோட்டச் சுத்திக் காட்டுறான், படகுல இருக்கிறவன் வேற என்ன பண்ணுவான், சொன்னதையேதான் சொல்லுவான். இயற்கைக்குத் தன்னப் பத்தி ஒண்ணுமே இல்லன்னு புரிஞ்சதும் மனுஷனுக்குக் கோயில் மேல கல்லெறியத் தோணும், ஆனா எறியக் கல்லும் இல்ல கோயிலும் இல்லங்கறதுதான் அவனுக்குக் கடுப்புன்னு ஒரு எடம் இருக்கு, மறுபடி மறுபடி படிச்சேன்.

இன்னொண்ணு. மத்தவங்க எல்லாரும் கதையில வெறும் கேப்டன், குக், நிருபர். பேர் இருக்கிறது எண்ணெய் போடுறவருக்கு மட்டும், பில்லி. பேர் கன்சிஸ்டன்சி செக் லிஸ்ட்ல அந்த ஒத்தப் பேர டைப் பண்ணிட்டு கடைசிப் பக்கத்துக்குப் போனா, கரையோரம் ஆழமில்லாத தண்ணியில குப்புறக் கிடக்கிறது அவருதான்.

பேட்ச் போயிடுச்சு, அடுத்தது ஏதோ சட்டப் புத்தகம் வந்துச்சு. ஆனா அந்தக் கதையில இருந்து ஒண்ணு எங்க ஷிஃப்ட்ல தங்கிடுச்சு. படகுக்குள்ள தண்ணி ஏறும்போதெல்லாம் கேப்டன் நிதானமா தண்ணிய இறைங்க குக்குன்னுவார், அவரும் சந்தோஷமா சரிங்க கேப்டன்னுவார். வேஃபர் அண்ணனுக்கு இது எப்படியோ பிடிச்சுப் போச்சு. விடியக்காத்தால மூணு மணிக்கு சர்வர் ஸ்லோவாகி, முப்பது ஃபைல் பாக்கி இருக்கும்போது சேர்ல சாஞ்சுக்கிட்டு மெதுவா சொல்லுவார், "தண்ணிய இறை குக்கு." வரிசையில நாலஞ்சு பேரு ஸ்க்ரீன்ல இருந்து கண்ண எடுக்காமலே, "சரிங்க கேப்டன்."