தண்டவாளத்தில் காது வைத்த பையன்

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியில் நாங்கள் மணி என்று சொன்னது மணியே அல்ல. அலுவலக விறாந்தைக்கு முன்னால் நின்ற வேப்பமரத்தின் தடித்த கிளையொன்றில், முறுக்கிய கம்பியில் தொங்கிய ஒன்றரை அடித் தண்டவாளத் துண்டு அது. அடிப்பதற்கு ஒரு சாண் நீள இரும்பு ஆணி. காலைப் பிரார்த்தனைக்கு ஓர் அடி, பாடத்துக்குப் பாடம் ஓர் அடி, இடைவேளைக்கு இரண்டு, பள்ளிக்கூடம் விடும்போது கை ஓயும்வரை. ஆறாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை அந்த ஓசையில்தான் எங்கள் பொழுது நகர்ந்தது.

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது எனக்கு அந்த ஓசைதான் முதலில் கேட்டது. 2003 மார்கழியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த ஏழு நிமிடக் குறும்படம் அந்த இரும்பிலிருந்து பிறந்தது. பிறகு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன், இங்கே கனடாவில் படத்தொகுப்பு வேலையும் செய்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கதை எப்படி ஒருவனிடம் வந்து சேர்கிறது என்று என் பிள்ளைகள் கேட்டால், நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. பன்னிரண்டு வருஷமாகக் காணாத முகங்கள் ஊருக்கு வரத் தொடங்கின. இந்தச் சங்கத்து அண்ணைமாரும் வந்தார்கள். தாங்கள் படித்த வகுப்பறையைத் தேடிப் போய், தங்கள் பழைய மூலை வாங்கில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழும்பினார்கள். ஒருவர் கையில் உள்ளங்கைக்குள் அடங்கும் கமரா. அதன் பக்கத்தில் சின்னக் கதவு திறப்பது மாதிரி ஒரு திரை விரிந்தது. இடைவேளையில் நாங்கள் முற்றத்தில் ஓடுவதைப் படம் எடுத்து, உடனேயே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். தினமும் கால் பதிந்த முற்றம் அந்தத் திரையில் வேறு ஊர் போலிருந்தது. "நீங்களும் ஒண்டு எடுக்கலாமே தம்பியவை" என்றார். அவர் பெயரைக் கேட்டு வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த மலர் அவர் கையில் கிடைத்தால், அன்று சொன்ன சொல் முளைத்தது என்று அவருக்குத் தெரியட்டும்.

முதலில் ஒரு சி.ஆர். கொப்பி நிறையக் கதை எழுதினோம். கடத்தல், துரத்தல், பொலிஸ் ஜீப், மழையில் ஒரு பாட்டு. பார்த்த படங்களெல்லாம் அதற்குள் இருந்தன. தமிழ் படிப்பித்த சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதை இரண்டு நாள் வைத்திருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். பிறகு இரண்டே கேள்வி.

"ஜீப் எங்க எடுப்பியள்? துவக்கு எங்க எடுப்பியள்?"

விளையாட்டுத் துவக்கைப் பிடித்துக்கொண்டு றோட்டில் நிற்பதே உயிராபத்தான காலம் அது. ஐந்து பேருக்கும் பதில் இல்லை.

"இனி ஒரு கிழமைக்கு ஒரு வசனமும் எழுதவேண்டாம்" என்றார். "விடிய எழும்பினதிலயிருந்து படுக்குமட்டும் காதில என்னென்ன விழுகுதெண்டு மட்டும் எழுதிக்கொண்டு வாங்கோ. பாக்கிறதில்லை, கேக்கிறது."

ஏன் கேட்பதை என்று அப்போது விளங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஐந்து தாள்களையும் மேசையில் பரப்பினோம். கோயில் மணி, கிணற்றில் வாளி விழுகிற சத்தம், பாண்காரரின் ஹோர்ன், தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மெசின், ஹெலி, ஆமி ட்ரக். நாலு தாளில் 'பள்ளிக்கூட மணி' என்று இருந்தது. கொக்குவில்லிலிருந்து வருகிறவனின் தாளில் மட்டும் 'தண்டவாளம்' என்று இருந்தது.

"இதென்ன தண்டவாளம்?" என்று சேர் கேட்டார்.

"மணிதான் சேர். எங்கட அப்பப்பா அப்பிடித்தான் சொல்லுவார். எங்கட வீட்டில எல்லாரும் அப்பிடித்தான்."

அவனுடைய அப்பப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஏழு வருஷமாக நாங்கள் மணி என்று சொல்லிக்கொண்டிருந்த பொருளுக்கு இன்னொரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் நாங்கள் ஒருவருமே காணாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் 1985 இல் பிறந்தவர்கள். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி, அதாவது ரயில், வருவது நின்றுவிட்டது. சிலிப்பர்க் கட்டைகளும் தண்டவாளங்களும் பங்கர்களுக்குப் போயின. அம்மா என்னைத் தூக்கிக் கோச்சி ஜன்னலுக்குள்ளால் யாரோ கையில் கொடுத்ததாக எனக்கு ஒரு ஞாபகம் உண்டு. அது என் ஞாபகமா, அம்மா சொல்லிச் சொல்லி வந்ததா என்று இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

அன்று பின்னேரமே ஐந்து சைக்கிளும் கொக்குவிலுக்குப் போயின. அப்பப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி ஊர்ப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். காங்கேசன்துறை, தெல்லிப்பளை, மல்லாகம், சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம், நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி. வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரி, மூச்சு விடாமல். அதில் காங்கேசன்துறை அப்போது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி எதிரெதிரே வராமலிருக்க, ஒரு வளையத்தில் கோத்த அடையாளத்தை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாற்றிக் கொடுப்பார்களாம். ஓடுகிற எஞ்சினிலிருந்து நீட்டுகிற வளையத்தை முழங்கையை மடக்கி வாங்குவது எப்படி என்று கதிரையை விட்டு எழும்பிக் காட்டினார். எழுபத்தைந்து வயது கை அந்தரத்தில் கச்சிதமாக மடங்கியது. 1905 இல் காங்கேசன்துறை வரை முழுப் பாதையும் திறந்ததென்றார். பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம் என்றார். கடைசியாக, கேட்காமலே ஒன்று சொன்னார்.

"சின்னனில நாங்கள் தண்டவாளத்தில காது வைச்சுப் பாப்பம். கண்ணுக்குத் தெரியமுதல் இரும்புக்குத் தெரிஞ்சிடும் கோச்சி வாறது."

திரும்பி வரும்போது ஐந்து பேரும் ஒன்றும் பேசவில்லை. எல்லோர் மனதிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது என்பது அடுத்த நாள் தெரிந்தது. ஒரு சின்னப் பையன், வேப்பமரத்தில் தொங்குகிற மணியில் காதை வைக்கிறான். அவ்வளவுதான் கதை. கொப்பியில் அரைப் பக்கம்கூட வரவில்லை.

கமராவுக்கு எங்கள் சந்தியில் கலியாண வீடியோ எடுக்கிறவரிடம் போனோம். தோளில் வைக்கிற பெரிய வி.எச்.எஸ். கமரா. "மார்கழியில கலியாணம் இல்லை. சும்மா கிடந்து பூஞ்சணம் பிடிக்கிறதுக்குப் பதிலா ஓடட்டும்" என்று தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. தொகுக்கிற வசதி கிடையாது என்பதால், கதை எந்த வரிசையில் போகிறதோ அந்த வரிசையிலேயே எடுக்கச் சொன்னார். நிறுத்தி மறுபடி தொடங்கும்போது கமரா நாடாவைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டுத்தான் ஓடும். அதனால் சிவப்பு வெளிச்சம் வந்ததும் மூன்று எண்ணிய பிறகே நடிக்கவேண்டும் என்றும் சொல்லித் தந்தார். இன்றும் கணினியில் வெட்டும்போது என் வாய் தன்பாட்டில் மூன்று எண்ணும்.

நடித்தவன் எங்களில் ஒருவனுடைய தம்பி, நாலாம் ஆண்டு. விடுமுறை என்றாலும் பியோன் அண்ணை கேற்றைத் திறந்து விட்டார். முதல் நாள் இரவு முழுக்க மழை. மரம் சொட்டிக்கொண்டிருந்தது. வாங்கொன்றைப் போட்டு அதில் தம்பியை ஏற்றினோம். பியோன் அண்ணை ஆணியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். தம்பி காதை வைத்தான். நான் கமராவுக்குப் பின்னால் நின்றேன். மூன்று எண்ணினேன், முப்பது எண்ணினேன். "காணும்" என்றான் அண்ணன்காரன். தம்பி காதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"பொறுங்கோ. இன்னும் போகுது."

அவன் இறங்கியபோது காதிலும் கன்னத்திலும் மழைநீரோடு கரைந்த துருவின் சிவப்பு. அந்தக் கன்னத்தைக் கிட்டப் போய் எடுத்தேன். படத்தில் நான் அறிந்து எடுத்த முதலாவது ஷொட் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு நாங்களும் ஒவ்வொருவராக வாங்கில் ஏறினோம். வெளியே அடங்கிப் போன ஓசை உள்ளே அடங்கவில்லை. ஒரு பெரிய குடத்துக்குள் தும்பி பறப்பது போல, தூரத்துக்குத் தூரமாகப் போய்க்கொண்டேயிருந்தது. பியோன் அண்ணைதான் கடைசியாக வைத்தார். தினமும் பத்துத் தரம் அடிக்கிற மனுஷன், காது வைத்தது அன்றுதான். ஊரே வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு, அடுத்த வருஷம் திரும்பி வந்து பார்த்தபோது பழைய வெண்கல மணி இல்லையாம். கைவிட்ட பங்கர் ஒன்றிலிருந்து இந்தத் துண்டை சைக்கிள் கரியரில் கட்டி வந்து தூக்கியவர் தான்தான் என்று அப்போது சொன்னார். அதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

கோச்சி ஓடிய பாதையையும் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டோம். தண்டவாளம் இல்லை, பற்றை மண்டிய மேடு மட்டும்தான் கிடந்தது. விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பை பியோன் அண்ணை களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தந்தார். 5 அடி 6 அங்குலம் அளந்து, கயிறு பிடித்து, ஐம்பது யார் தூரத்துக்கு இரண்டு வெள்ளைக் கோடு போட்டோம். மிதிவெடி பயத்தில், மாடு மேய்கிற, ஆட்கள் நடந்து தேய்ந்த இடமாகப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தோம்.

பாதிக் கோடு போட்டிருப்போம், சென்றியில் நின்ற ஆமிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். எங்களுக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கை நடுங்கியது. கொக்குவில்காரன் கோட்டைக் காட்டி, "கோச்சி" என்றான்.

"கோச்சிய?" என்றார் அவர்.

எங்கள் சொல் அவர்களுக்கும் சொல் என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. இரண்டு கோட்டையும் அது போகிற திசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டை மிதிக்காமல் தாண்டி, வந்த வழியே போனார். அவர் எந்த ஊர்க்காரரோ, எந்தக் கோச்சியில் வீட்டுக்குப் போகிறவரோ.

கோச்சிச் சத்தத்துக்கு வவுனியாவுக்கு அப்பால் போகவேண்டும். எங்களில் ஒருவனுடைய அக்கா கொழும்புக்குப் பரீட்சைக்குப் போனா. சின்ன ரெக்கோடர் ஒன்றும் அறுபது நிமிடக் கசெற் ஒன்றும் கொடுத்துவிட்டோம். வவுனியாவில் ஏறியதிலிருந்து ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டே போயிருக்கிறா. சக்கரம் இணைப்பில் தட்டுகிற தாளம், பாலத்தில் ஏறும்போது அது மாறுவது, நடுவில் "இஸ்ஸோ வடே, வடே, வடே" என்று இறால் வடைக்காரர் பெட்டிக்குள் வந்து போவது. வடைக்காரரை வெட்டவேண்டும் என்று நாலு பேர் நின்றோம். தமிழ்ச் சேர் கசெற்றைக் கேட்டுவிட்டு, "அவரை வெட்டினியளெண்டால் நான் உங்களோட கதைக்கமாட்டன்" என்றார். கடைசி நாற்பது வினாடிக்கு அந்தச் சத்தத்தை வீடியோக்காரரின் டெக்கில் ஓடியோ டப் செய்து ஏற்றினோம். பையன் மணியில் காது வைத்திருக்கிறான், கோச்சி வருகிறது, வடைக்காரர் போகிறார், வெள்ளைக் கோடு மட்டும் கிடக்கிறது.

2004 முதலாம் தவணையில் மண்டபத்தில் போட்டோம். இருபத்தொரு அங்குல ரீவி. வகுப்பு வகுப்பாக வந்து பார்த்தார்கள், ஒரே நாளில் பதினொரு தரம் ஓடியது. மாணவர் சத்தமில்லாமல் பார்த்தார்கள். வடைக்காரரின் குரல் வந்ததும் பின்வரிசையில் நின்ற வயதான ஆசிரியர்கள் சிரித்தார்கள். கணித மிஸ் ஒருவர் சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். ஒரு தலைமுறை கேட்டு மறந்திருந்ததும் இன்னொரு தலைமுறை கேட்டேயிராததும் அந்த ரீவிப் பெட்டிக்குள் ஒன்றாகக் கேட்டன.

பியோன் அண்ணை ஒவ்வொரு தரமும் வாசலில் நின்று பார்ப்பார், முடிவு வருமுன் பாடம் மாற மணி அடிக்கப் போய்விடுவார். சனிக்கிழமை அவருக்காக மட்டும் ஒருமுறை போட்டோம். முடிந்ததும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "என்ர கை இவ்வளவு கிழண்டு போச்சோ தம்பி" என்றார். பிறகு, "இன்னொருக்காப் போடுங்கோ" என்றார்.

2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடியது. எங்கள் ஐந்து பேரில் நாலு பேர் வெளிநாடுகளுக்குச் சிதறினோம். அப்பப்பா கோச்சி திரும்பி வருவதைப் பார்க்காமலே போய்விட்டார். 2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்ப்பாண நிலையத்துக்கு மறுபடி ரயில் வந்தபோது இங்கே ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்திருந்தது. ஊரிலேயே தங்கிவிட்ட கொக்குவில்காரன் போன் எடுத்தான். ஒன்றும் பேசாமல் போனைக் கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தான். நான் இருட்டில் படுக்கையில் எழும்பியிருந்து போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன், தம்பி அன்று பிடித்த மாதிரி.

படத்தின் நாடா என்னிடம்தான் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்திருந்தது. ஸ்காபரோவில் துடைத்துக் கணினிக்கு மாற்றியாயிற்று. முதல் நாலு வினாடி போய்விட்டது, மற்றதெல்லாம் ஓடுகிறது. வருகிற ஒன்றுகூடலில் போட்டுக் காட்ட சங்கத்தார் இணங்கியிருக்கிறார்கள். ஆனால் அக்கா பதிந்து வந்த அந்த அறுபது நிமிடக் கசெற் காணாமல் போய்விட்டது. 2004 உயர்தரப் பிரிவில் யாரோ கேட்பதற்கென்று வாங்கிப் போனதாக ஞாபகம். மண்ணிற உறை, முதுகில் நீல மையால் 'கோச்சி' என்று எழுதியிருக்கும். உங்கள் வீட்டுப் பழைய பெட்டி எதிலாவது கிடந்தால், தயவுசெய்து போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். சங்கத்துக்கு அறிவியுங்கள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.